முன்பக்கத்தை உயர்த்திய பிக்அப்பின் சத்தங்கள்: மலைப்பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக்அப் வண்டி வெறுமையாக நிற்கும்போது முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருப்பது குறையன்று. பின்னால் சுமை ஏறியதும் லீஃப் ஸ்பிரிங் அமுங்கி வண்டி ஏறத்தாழ மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைக்கிறார்கள். இருந்தும், தேயிலைத் தோட்டங்களின் மண் பாதையில் முன் பம்பர் தட்டுகிறது என்றோ, பார்வைக்கு எடுப்பாக இல்லை என்றோ முன்பக்கத்தை ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம் உயர்த்திக்கொள்பவர்கள் நீலகிரியில் பலர் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன். வேலை முடிந்து வண்டி மலையேறிய சில நாள்களிலேயே முன்சக்கரப் பக்கமிருந்து ஒரு சத்தம் தொடங்க, அதைத் தேடும் முயற்சியில் பணத்தையும் நாள்களையும் இழந்த பிறகே, சத்தத்தை விட அதைத் தேடிய முறைதான் பெரிய கோளாறு என்பது எனக்கு விளங்கிற்று.

எல்லாத் தவறுகளுக்கும் தாயான தவறு, சத்தம் எப்போது வருகிறது என்று வகைபிரிக்காமல் பாகங்களை மாற்றத் தொடங்குவதாகும். நான் முதலில், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனைகளில் உள்ள லிங்க் ராடுகளை மாற்றினேன், சத்தம் நிற்கவில்லை. அடுத்து, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டுகளான கீழ் பால் ஜாயின்டுகளை மாற்றினேன், அப்போதும் நிற்கவில்லை. கழற்றிய பாகங்கள் இன்றும் என் வீட்டுத் திண்ணையில் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தேய்ந்ததில்லை. பட்டறையில் இருப்பவர் சமதரையில் வண்டியை இருநூறு மீட்டர் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை நம்பிப் பாகம் வாங்குவதை விட, நம் ஊர்ச் சாலையையே சோதனைக் கருவியாகப் பயன்படுத்துவது மேலானது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும், உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறும் உள்ளன. ஏற்றத்தில் வண்டியின் எடை பின்சக்கரங்களுக்கு நகர்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அமுங்க, உள்பக்கச் சக்கரம் கீழே தொங்குகிறது. இந்த மூன்று நிலைகளில் எதில் சத்தம் வருகிறது என்று குறித்துக்கொண்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள, உயர்த்தும் வேலையில் உள்ளே என்ன மாறுகிறது என்பதை அறிய வேண்டும். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் முன்பக்கம், சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு (சேசிஸ்) இணைக்கும் ஆர்ம்கள் மேலும் கீழுமாக இரண்டு கொண்ட தனித்தனிச் சஸ்பென்ஷன். சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கீழ் ஆர்மின் மேல் அமர்கின்றன. அவை ஆர்மின் நடுப்பகுதியை ஒட்டி அமர்வதால், மேலே ஓர் அங்குல ஸ்பேசர், அதாவது உயரம் கூட்டும் தடித்த வளையம், வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குல உயரம் கிடைக்கிறது. கணக்கு அறியாமல் இரண்டு அங்குலம் வேண்டும் என்று இரண்டு அங்குல ஸ்பேசரையே வாங்கிப் பொருத்துவது நான் பார்த்த தவறுகளுள் மிக ஆபத்தானது. அவ்வளவு உயரத்தில் ஆர்ம்கள் கீழ்நோக்கி மிகையாகச் சாய்ந்து, பால் ஜாயின்டுகள் தம் எல்லைக் கோணத்தை எட்டிவிடுகின்றன. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது மேல் ஆர்ம் ஸ்பிரிங்கின் மேல் உரசவும் கூடும். அந்த உரசலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஆர்மின் உள்விளிம்பிலும் ஸ்பிரிங்கின் வெளிச்சுற்றிலும் சுண்ணாம்பு தடவி ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால், தேய்ந்த இடம் தானாகத் தெரியும்.

ஸ்பேசரை எங்கே வைக்கிறார்கள் என்பதும் சத்தத்தின் தன்மையை மாற்றுகிறது. ஸ்பிரிங்கிற்கும் அதன் இருக்கைக்கும் இடையே வைத்தால், வண்டி நிற்கும் நிலையிலேயே ஷாக் வழக்கத்தை விட நீண்டு நிற்கிறது. கீழே இறங்குவதற்கு அதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது. வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு, உள்ளே முட்டி, ‘டொக்’ என்ற ஒற்றை ஒலி எழுகிறது. சக்கரம் தடையின் மேல் ஏறும்போது வராமல் அதிலிருந்து இறங்கும்போது மட்டும் வருவது இதன் அடையாளம். கொண்டை ஊசி வளைவில் ஏறுகையில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வரும் ஒலியும் பெரும்பாலும் இதுதான். அங்கே ஏற்றமும் வளைவும் சேர்ந்து அந்தச் சக்கரத்தைத் தொங்க விடுகின்றன. மாறாக, ஸ்பேசரை ஷாக்கின் தலைக்கு மேலே வைத்தால், முழு ஷாக்கும் கீழே இறங்கிவிடுவதால், சட்டத்திலுள்ள ரப்பர் தடை ஆர்மைத் தாங்கும் முன்பே ஷாக் தன் அடியை எட்டிவிடக்கூடும். இறக்கத்தில் பிரேக் பிடித்தபடியே குழியில் விழும்போது எழும் கனத்த அடி அதனால் வருவது. இரண்டையும் ஒரே சத்தம் என்று எண்ணி ஷாக் அப்சார்பரைப் பழித்துப் புதியதை வாங்குபவர், அதே உயரத்தில் அதே முறையில் பொருத்தினால் அதே சத்தத்தைத்தான் திரும்பப் பெறுவார்.

கார்களில் கற்ற பாடத்தைப் பிக்அப்பின் மேல் ஏற்றுவதும் அடிக்கடி நிகழ்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சத்தம் வந்தால் ‘மேலே இருக்கும் பேரிங் போய்விட்டது’ என்று சொல்வது சிறிய கார்களுக்குப் பொருந்தும்; அங்கே ஷாக்கே சக்கரத்துடன் சேர்ந்து திரும்புகிறது. இரண்டு ஆர்ம் உள்ள பிக்அப்பில் ஷாக் திரும்புவதில்லை. அதன் தலையில் அப்படியொரு பேரிங்கும் இல்லை. இங்கே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வரும் சத்தத்திற்கு ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடுகளின் முனைகளையும், பால் ஜாயின்டுகளையும், ஸ்டீயரிங் பெட்டியைச் சட்டத்துடன் பிணைக்கும் போல்ட்டுகளையுமே முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் வண்டிக்குள் அமர்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்ட, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்தால், காதை விட விரல் விரைவில் சொல்லிவிடும்.

இனி, என்னை ஏமாற்றிய தவற்றுக்கு வருகிறேன். ஆர்ம்கள் சட்டத்துடன் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ், உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டப்பட்டது. அது சுழலாமல் முறுக்கிக்கொண்டே வேலை செய்கிறது. வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் நிலையே புஷ்ஷின் இயல்பு நிலையாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. பிறகு வண்டியைத் தரையில் இறக்கும்போது புஷ் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று, ஒவ்வொரு குலுக்கலிலும் முனகுகிறது. சில மாதங்களில் கிழிந்தும் போகிறது. சமவெளியில் நான் வேலை கொடுத்த பட்டறையில் நேர்ந்தது இதுவே. உதகையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். உறைபனி விழும் மார்கழி, தை மாதக் காலைகளில் ரப்பர் விறைத்து முனகல் உரத்துக் கேட்கும், வெயில் ஏறியதும் தணிந்துவிடும். சமவெளிக்குக் கொண்டுபோய்க் காட்டிய போதெல்லாம் என் வண்டி ஊமையாகி நின்றதற்குக் காரணம் அதுதான். தீர்வுக்குப் புதுப் பாகம் எதுவும் தேவைப்படவில்லை. வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் இருக்கும்படி சமதரையில் நிறுத்தி, ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்பக்கத்தைச் சிலமுறை அமுக்கி விட்டு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. இதில் ஒரு கவனம் வேண்டும்: சக்கரக் கோணத்தைத் திருத்த உதவும் போல்ட்டுகளும் இந்த ஆர்ம்களில்தான் இருக்கின்றன, தளர்த்துமுன் அவற்றின் நிலையைப் பெயின்டால் குறித்துக்கொள்ள வேண்டும், இறுக்கிய பிறகு அலைன்மென்ட்டைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முனகலுக்கு எண்ணெய் விடுவது மற்றொரு பிழை. எஞ்சின் ஆயிலும் சாதாரண கிரீஸும் இயற்கை ரப்பரை உப்பி இளகச் செய்யும்; சத்தம் ஒரு வாரம் அடங்கும், பிறகு புஷ்ஷே போய்விடும். எந்தப் புஷ் முனகுகிறது என்று அறிவதற்கு வெறும் தண்ணீர் போதும். ஒவ்வொன்றாக நனைத்து, ஒவ்வொரு முறையும் வண்டியை அமுக்கிப் பார்க்க, எதை நனைத்ததும் ஒலி நிற்கிறதோ அதுவே. ஸ்டெபிலைசர் பாரின் புஷ் என்று தெரிந்தால் சிலிக்கோன் கிரீஸ் தடவலாம். ஒட்டப்பட்ட ஆர்ம் புஷ்ஷிற்கு எந்தக் கிரீஸும் மருந்தாகாது.

அலைன்மென்ட் செய்த மறுநாள் தொடங்கும் சத்தத்தைத் தனியாகக் கருத வேண்டும். முன்பக்கத்தை உயர்த்தினால் சக்கரங்களின் கோணங்கள் மாறும், ஆகவே அலைன்மென்ட் கட்டாயம். ஆனால் கோணத்தைத் திருத்திய பிறகு அந்த மையம் விலகிய வாஷர் கொண்ட போல்ட்டுகளைப் போதிய அளவு இறுக்காமல் விட்டால், பிரேக் பிடிக்கும்போது ஒருமுறையும் ரிவர்ஸில் நகரும்போது மறுமுறையும் ஆர்ம் நகர்ந்து ‘டக்’ என்று கேட்கும். போல்ட்டைச் சுற்றிச் சிவந்த துருத்தூள் படிந்திருந்தால் அங்கே இரும்பு அசைகிறது என்று பொருள். அலைன்மென்ட்டையே செய்யாமல் விட்டவர்களுக்கு வேறொரு சத்தம் காத்திருக்கிறது. டயர் ஓரங்கள் ரம்பப் பல்போலத் தேய்ந்து, சில மாதங்கள் கழித்து ஓர் இரைச்சல் எழும். அதைச் சக்கரப் பேரிங் என்று நினைத்துப் பேரிங்கை மாற்றுவார்கள். உள்ளங்கையால் டயரை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தால் எது என்று அப்போதே தெரியும்.

பால் ஜாயின்ட்டைச் சோதிக்க ஜாக்கியைச் சட்டத்தின் கீழ் வைப்பதும் வீண். அப்போது ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும்; அந்தச் சுமை நீங்கினால்தான் அதன் ஆட்டம் வெளிப்படும். ஆகவே ஜாக்கி கீழ் ஆர்மின் அடியில், சக்கரத்திற்கு இயன்ற அளவு அருகில் இருக்க வேண்டும். கூடவே சட்டத்தின் கீழ் ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் வாசல் முற்றமே சாய்வாக இருப்பது வழக்கம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷாக்கின் தலை நட்டை ஏர்கன்னால் இறுக்கும் பழக்கத்தையும் தடுத்து நிறுத்துங்கள். தண்டு சுழன்று உள்ளிருக்கும் சீல் கெட்டுவிடும்.

சஸ்பென்ஷனோடு தொடர்பே இல்லாத சத்தங்கள் சில, அதன் பெயரில் பழி சுமக்கின்றன. வேலைக்காகக் கழற்றிய அடித்தகட்டை இரண்டு போல்ட்டுகளோடு மாட்டி அனுப்பினால், ஜல்லிப் பாதையில் முன்பக்கமே கழன்று விழுவதுபோல் கேட்கும். பிரேக்கை இலேசாக மிதித்தவுடன் கடகடப்பு நின்றுவிட்டால், அது பிரேக் பேடுகளின் ஆட்டம். இன்னொன்று ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு உரியது. தேவைப்படும்போது மட்டும் முன்அச்சை இணைக்கும் வகையில், இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. மழையில் 4எச் (நான்கு சக்கர இயக்கம்) போட்டு ஏறியவர், காய்ந்த தார்ச்சாலையிலும் அதை எடுக்க மறந்து கொண்டை ஊசி வளைவைத் திருப்பினால், வண்டி இழுத்துத் திமிறிச் சத்தமிடும். நெம்புகோலைப் பார்க்காமல் ஆர்மைக் கழற்றிய கதைகள் உண்டு. ஆனால் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் 2எச்சிலேயே முழுத் திருப்பத்தில் தொடர்ந்து ‘டிக் டிக்’ என்று வந்தால், உயரத்தால் முன்அச்சு மூட்டுகளின் கோணம் கூடிவிட்டதா, அவற்றின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியதா என்று பார்ப்பது அவசரம்.

சுமையில்லாமல் சோதித்துவிட்டுச் சரியாயிற்று என்று முடிவுகட்டுவதும் கூடாது. காரட் மூட்டைகளைப் பின்அச்சுக்கும் பின்னே தள்ளி அடுக்கினால் முன்சக்கரங்களின் மேலுள்ள எடை குறைகிறது. ஏற்கெனவே நீண்டு நிற்கும் ஷாக் மேலும் நீண்டு, வெறும் வண்டியில் கேட்காத ‘டொக்’ ஏற்றத்தில் கேட்கத் தொடங்குகிறது. மூட்டைகளை முன்னுக்கு நகர்த்தி அதே வளைவில் மீண்டும் ஏறிப் பார்த்தால் சத்தம் குறைகிறதா என்பது தெரியும். குறைந்தால், உயரத்தை அரை அங்குலமாவது இறக்குவதே வழி. அத்தகைய வண்டியில் சுமையேற்றிய பின் முகப்பு விளக்குகள் வானத்தைப் பார்ப்பதையும், இரவில் எதிரே வருபவர் கண்கூசி நிற்பதையும் மறக்க வேண்டாம். விளக்கின் கோணத்தைச் சுமையுடன் நிறுத்தித் திருத்திக்கொள்ள வேண்டும்.

எல்லா போல்ட்டுகளையும் இறுக்கிய பிறகு, தலையிலிருந்து சட்டம் வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடி, ஒருமுறையாவது மலையிறங்கி ஏறிய பின் குனிந்து பார்த்தால், எந்தக் கோடு முறிந்திருக்கிறதோ அந்த போல்ட்டுக்கு மட்டும் ஸ்பேனர் எடுத்தால் போதும்.