மாற்றியமைத்த பழைய பட்டாளத் துப்பாக்கிகள்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி ஜீப்பில் ஒரு நிலைவிளக்கைக் கொண்டுவந்தார். விளக்குத் தண்டாக இருந்தது ஆங்கிலேயர் காலப் பட்டாளத் துப்பாக்கியான ஒரு ஸ்னைடர். "அண்ணே, இந்த ஒயரெல்லாம் கழட்டிட்டு மறுபடியும் பட்டாளத் துப்பாக்கியா ஆக்கிடலாம்னு இருக்கேன்" என்றார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். ரசீது வாங்குங்கள், எண்ணெய் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் பார்த்த, செய்த மற்ற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மாற்றத்தை அழிப்பது

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, எனக்கும் இப்படி ஒரு ஸ்னைடர் கிடைத்தது. முன்கட்டையைப் பாதியில் அறுத்து, குழலைக் குட்டையாக்கி, உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்களைக் குடைந்து எடுத்து, ரவை (சின்னச் சின்ன ஈயக் குண்டுகள்) போட்டுச் சுடும் துப்பாக்கியாக ஒருகாலத்தில் மாற்றியிருந்தார்கள். பிறகு யாரோ அதன் பின்பகுதியில் துளை போட்டு, குழல்வாயை ஈயத்தால் அடைத்து விளக்காக்கிவிட்டார்கள். பின்கட்டையில் எஸ்டேட் ஸ்டோர் எண்ணோடு ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருந்தது.

எனக்கு அதெல்லாம் கறையாகத் தெரிந்தது. ஓர் ஆசாரியிடம் கொடுத்து ஈட்டி மரத்தில் முழு நீள முன்கட்டை செய்தேன். அசல் கட்டை வால்நட் மரம். ஈட்டி அதன் பக்கத்தில் ஒட்டவே இல்லை. தகட்டைக் கழற்றி, ஆணித் துளைகளை மெழுகால் அடைத்தேன். நாற்பதாயிரம் ரூபாய் போனது. வெலிங்டனில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வந்து அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தத் தகடு எங்கே?" என்று மட்டும் கேட்டார். ஆசாரி பட்டறையின் பழைய இரும்போடு அது எப்போதோ போயிருந்தது. இன்றும் அந்தத் துப்பாக்கியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சரி, 'அசல்' என்று எதைச் சொல்வது? ஸ்னைடரே ஒரு மாற்றம்தானே! 1853 மாடல் என்ஃபீல்டு, வாய்வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கி. 1866 முதல் அதன் குழலின் பின்முனையை வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் ஒரு மூடியைப் பொருத்தி, பின்னாலிருந்து தோட்டா போடும்படி ஆக்கினார்கள். ஆரம்பகால ஸ்னைடர்கள் பலவும் இப்படி வந்தவை. அதனால்தான் ஸ்னைடரின் பூட்டுத் தகட்டில் (சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகடு) 1860 என்று ஆண்டு இருந்தாலும் அது போலியாகிவிடாது. அப்புறம் ரவைத் துப்பாக்கி, அப்புறம் விளக்கு. பட்டாளத்து நிலையில் இருக்கும் ஸ்னைடரை வேறெங்கும் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத்துக் காவலுக்குப் போய், பங்களா வரவேற்பறையில் நின்ற ஸ்னைடர் இந்த ஒன்றுதான்.

சட்டமும் இதில் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45(சி) பிரிவு, பழைய பாணி அல்லது தொன்மையான துப்பாக்கிக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடப் பயன்படுத்த முடியாத நிலை இருக்க வேண்டும். விளக்குக்காரர் என் ஸ்னைடரின் பின்பகுதியில் போட்ட துளையை அடைத்துத் தரும்படி ஒரு லேத் பட்டறையில் கேட்டிருந்தேன். பட்டறைக்காரர் முடியவே முடியாது என்றார். அவர் சம்மதித்திருந்தால் என் நிலைமை என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

தம்பியின் விளக்கு இப்போது கோத்தகிரியில் அப்படியே எரிகிறது.

வழவழப்பான குழலைக் கண்டு ஒதுக்குவது

வரிப்பள்ளம் இல்லாத என்ஃபீல்டு எல்லாமே பின்னால் யாரோ குடைந்து கெடுத்தது என்று முடிவு கட்டாதீர்கள். 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்கள் கையில் துல்லியமான ரைஃபிள் இருக்கக் கூடாது என்று, பார்க்க என்ஃபீல்டு போலவே இருக்கும் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிகளை ஆங்கிலேயர்கள் கொடுத்தார்கள். அதன் துவாரம் 0.656 அங்குலம், ரைஃபிளின் 0.577ஐவிடப் பெரியது. நான் இப்படி ஒன்றை வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

பளபளப்பாக்குவது

பஃபிங் சக்கரத்துக்கு முதலில் பலியாவது முத்திரைகள். இரண்டு அம்புக்குறிகள் நுனியோடு நுனி முட்டி நிற்கும் சின்னம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுங்கள். அது பட்டாளம் விற்றுக் கழித்ததற்கான அடையாளம்.

நூறு வயதானால் லைசென்ஸ் வேண்டாம் என்பது

தவறு. வயது மட்டும் போதாது.

துணி உறை

ஜூன் மழையில் நம் மலையில் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். துப்பாக்கியை உறையில் போடாமல் வையுங்கள்.

கணப்புக்கு மேலே மாட்டுவது

சூட்டில் மரக்கட்டை விரிசல் விடும்.