மண்ணெண்ணெயும் சல்லடையும்: நீர்வண்டு போன வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

சைபீரியாவில் பனி உருகித் தேங்கிய குட்டையில் ஒரு நீர்வண்டு. அதே இனம் கடலுக்கு அந்தப் பக்கம் அலாஸ்காவிலும் இருக்கிறது. எப்படிப் போனது? பழைய சேற்றைத்தான் கேட்க வேண்டும். பிரிட்டனில் பழங்காலப் பூச்சிகளை ஆராய்ந்த ரஸ்ஸல் கூப், பனியுகச் சேற்றை அலசிய முறை ஏறக்குறைய இதுதான்.

படி 1: குளமோ சதுப்போ இருந்த இடத்துக் கரிமண் வேண்டும். காற்றுப் புகாத ஈரத்தில்தான் வண்டின் ஓடு மட்காமல் கிடக்கும். எந்த அடுக்கில் எடுத்தது என்று அப்போதே பைமேல் எழுதுங்கள். அப்புறம் எழுதலாம் என்று விட்டால், அது வெறும் மண்.

படி 2: ஊறவைத்து, 0.3 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் அலசுங்கள்.

படி 3: விஷயமே இதில்தான். நீரை நன்றாக வடித்து, தங்கியதை வாளியில் போட்டு, மண்ணெண்ணெய் விட்டுப் பிசறுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் அடுப்பு கூடாது. மிஞ்சிய எண்ணெயை வடித்துக் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். பூச்சி ஓட்டில் எண்ணெய் பிடிக்கும். நீர் ஊறிய செடித்தூளில் அவ்வளவாகப் பிடிக்காது. கொஞ்ச நேரத்தில் ஓடுகள் மேலே வரும், குப்பை பெரும்பாலும் அடியில் தங்கும். மிதப்பதை எடுத்து, சோப்பு நீரில் கழுவி, ஆல்கஹாலில் போடுங்கள்.

படி 4: நுண்ணோக்கியில் முழு வண்டைத் தேடாதீர்கள். தலை தனி, சிறகுறை தனியாகத்தான் கிடைக்கும். புதியவர்களுக்குத் தோதானது ஹெலோஃபோரஸ் என்ற நீர்வண்டுப் பேரினம். தலைக்குப் பின்னாலுள்ள மார்புத் தகட்டில், உழுத சால் மாதிரி ஐந்து பள்ளங்கள் நீளவாக்கில் ஓடும். எந்த இனம் என்று சொல்ல மட்டும் அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்டாக வேண்டும்.

படி 5: அந்த இனம் இன்று வாழும் இடத்தை வரைபடத்தில் குறியுங்கள். இங்கேதான் கூப் திகைத்தார். பனியுக இங்கிலாந்துச் சேற்றில் இருந்தவை, இன்று சைபீரியப் பக்கம் வாழும் ஹெலோஃபோரஸ்கள்! குளிர் நகர நகர, உருவம் மாறாமல் வண்டும் கூடவே நகர்ந்திருக்கிறது.

சரி, பரிணாமம்? இந்த வண்டுகளில் அது ஆமை வேகம். மேற்கு சைபீரியாவில் கிடைத்த, 1.6 முதல் 2.3 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவம் ஒன்றை, இன்றும் வாழும் ஹெலோஃபோரஸ் சிபிரிகஸ் இனம்தான் என்று 2011இல் அடையாளம் கண்டார்கள். தொடக்கத்தில் சொன்ன வண்டும் அதுவே.

படி 6: வரைபடத்தில் கடல்மட்டத்தை 120 மீட்டர் இறக்குங்கள், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் அவ்வளவு தாழ்ந்திருந்தது. சைபீரியாவையும் அலாஸ்காவையும் பிரிக்கும் பெரிங் நீரிணையின் ஆழமோ ஏறத்தாழ 50 மீட்டர்தான். அப்போது இரண்டுக்கும் நடுவே புல்தரை, அதில் பனிநீர்க் குட்டைகள். வண்டு போன வழி அதுதான்.