செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வேலையை ஒப்படைக்கும் முன்

செயற்கை நுண்ணறிவு வரமா, சாபமா என்று பட்டிமன்றம் நடத்தினால் இரு அணிக்கும் பேச நிறையக் கிடைக்கும். ஆனால் நடுவரின் தீர்ப்பு எதுவானாலும், நாளைக் காலையில் நம் கையில் இருக்கும் வேலைக்கு அதனால் பயனிராது. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகளைக் கேட்பதே நடைமுறைக்கு உதவும். வரும் விடை சரியா என்று பார்க்க என்னால் முடியுமா? அது தவறாகிப்போனால் இழப்பு யார் தலையில் விழும்?

முதல் கேள்விக்கு விடை காண எளிய சோதனை ஒன்று உண்டு. தெரியாத செய்தியைக் கேட்பதற்கு முன், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். நட்பைப் பற்றி ஐந்து குறள்களை எண்ணோடு தரச் சொன்னால், எண் மாறி வரலாம். சில நேரங்களில் வள்ளுவர் எழுதாத குறளே ஏழு சீரோடு வந்து நிற்கலாம். சாட்ஜிபிடி போன்ற உரையாடல் கருவிகள் அடிப்படையில் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை என்பதால், உண்மையும் கற்பனையும் ஒரே சரளத்தோடும் ஒரே உறுதியோடும் வெளிவருகின்றன. குறளையாவது நூலைப் புரட்டிச் சரிபார்த்துவிடலாம். சட்டப் பிரிவையோ மருந்தின் அளவையோ எத்தனை பேர் சரிபார்ப்போம்?

நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சரிபார்க்கவில்லை. விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில் அவர்கள் தாக்கல் செய்த மனுவில் சாட்ஜிபிடி புனைந்து தந்த, எங்குமே நடந்திராத வழக்குகளின் தீர்ப்புகள் முன்னுதாரணமாகக் காட்டப்பட்டிருந்தன. 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அவர்களுள் ஒருவர் இந்த வழக்குகள் உண்மைதானா என்று அந்தக் கருவியிடமே கேட்டிருக்கிறார், அதுவும் ஆமென்று சொல்லியிருக்கிறது. ஆகவே சரிபார்ப்பு என்பது எப்போதும் கருவிக்கு வெளியே, மூல ஆவணத்தில் நடக்க வேண்டும்.

விடையை நீங்களே படித்துத் திருத்தக்கூடிய வேலைகளைத் தயங்காமல் தரலாம். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதும் மனுவின் முதல் வரைவு, ஆங்கிலத்தில் வந்த நீண்ட காப்பீட்டு நிபந்தனைகளின் சுருக்கம், நேர்முகத் தேர்வுக்கான பயிற்சிக் கேள்விகள், பிள்ளைக்குப் புரியாத கணக்குக்கு வேறொரு விளக்கம் ஆகியவற்றில் இது தரும் உதவி பெரிது. பணம் கொடுத்து ஆள் வைக்க இயலாதவர்களுக்கு இன்னும் பெரிது. ஆனால் ஆவணத்தை அப்படியே பதிவேற்றாமல், ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு, கையொப்பம் ஆகியவற்றை நீக்கிவிட்டுத் தாருங்கள். பிறருடைய மருத்துவ அறிக்கையையும் அலுவலகத்தின் உள் ஆவணத்தையும் தருவதற்கு உங்களுக்கு உரிமையே இல்லை என்று கொள்வது நல்லது.

மருத்துவத்தில் நன்மையும் இடரும் ஒரே கருவியில் அருகருகே இருக்கின்றன. நீரிழிவால் விழித்திரை பழுதடைகிறதா என்பதைப் படத்திலிருந்து கணிக்கும் மென்பொருள் பற்றி 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கு கொண்டன. ஏறத்தாழ 1,28,000 படங்களை, ஒவ்வொன்றையும் மூன்று முதல் ஏழு முறை கண் மருத்துவர்கள் தரம் பிரித்துக் கொடுத்த பிறகே அக்கருவி தேர்ந்த மருத்துவருக்கு இணையாகக் கணித்தது. கண் மருத்துவர் எட்டாத ஊர்களுக்கு இது பெரும் பேறுதான். எனினும் தாய்லாந்தின் சிறு மருத்துவ மையங்களுக்கு அதைக் கொண்டு சென்றபோது, இருட்டாக்க வசதியில்லாத அறைகளில் செவிலியர்கள் எடுத்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத் தரம் போதாது என்று கருவி திருப்பி அனுப்பியது. நோயே இல்லாதவரும் இன்னொரு நாள் இன்னொரு மருத்துவமனைக்கு அலைய வேண்டிய நிலை ஏற்பட்டது. எனவே பரிசோதனை முகாமில் இப்படிப்பட்ட முடிவைப் பெற்றால், அதை மருத்துவர் எவரேனும் பார்த்தாரா என்று கேளுங்கள். படம் தெளிவில்லை என்பதற்குக் கோளாறு இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். உரையாடல் கருவியை அறிக்கையிலுள்ள சொற்களைப் புரிந்துகொள்ளவும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைக் குறித்துக்கொள்ளவும் பயன்படுத்தலாம். அதன் பேச்சைக் கேட்டு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சில இடங்களில் நாம் ஒப்படைக்காமலேயே நம்மைப் பற்றிய முடிவை இயந்திரம் எடுக்கிறது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பெற்றோர்களுள் யார் மோசடி செய்யக்கூடும் என்று கணிக்க வரித்துறை ஒரு மென்பொருளைப் பயன்படுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கடனில் மூழ்கிய அந்த விவகாரத்தால் 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே பதவி விலகியது. கடனோ வேலையோ உதவித்தொகையோ மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்துமூலம் கேளுங்கள். முடிவை ஓர் அலுவலர் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் தானியங்கி உரையாடலில் கிடைத்த உறுதிமொழியைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும். ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் கருவி, உறவினர் இறந்ததால் பயணம் செய்வோருக்கான கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்த வழக்கில், அக்கருவி தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு என்று அந்நிறுவனம் வாதிட்டுப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. அந்தப் பயணி கையில் திரைப்பிடிப்பு இருந்தது.

இனி குரலும் முகமும். 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர், முதலில் வந்த மின்னஞ்சலைச் சந்தேகித்தவர், காணொளி அழைப்பில் மேலதிகாரியையும் சக ஊழியர்களையும் கண்டதும் நம்பி, 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அழைப்பில் இருந்த மற்ற அனைவரும் போலி உருவங்கள். வீட்டிலும் இதே உத்திதான் சிறிய அளவில் நடக்கிறது. மகனின் குரலில் விபத்து என்று சொல்லிப் பணம் கேட்டு அழைப்பு வந்தால், பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அவரது எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். குடும்பத்தாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளலாம். பாட்டி வீட்டுப் பசுவின் பெயர் போல எங்கும் பதிவாகாத சொல்லாக அது இருக்கட்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒரு நாளைக் கடத்தாமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் வங்கி அதை முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. அந்த எண்ணை வீட்டிலுள்ள முதியவர்களின் கைப்பேசியில் இன்றே பதிந்து வையுங்கள்.