2047 கணிப்பை ஒரு தாளில் பிரித்துப் பார்ப்பது எப்படி?

2047இல் இந்தியா இத்தனை லட்சம் கோடி டாலர் பொருளாதாரமாகிவிடும் என்ற செய்தியைப் படித்துவிட்டு, புறநகரில் மனை வாங்கக் கடன் எடுக்கலாமா என்று என் பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். கல்லூரியில் புள்ளியியல் நடத்திய எனக்கு அந்தக் கேள்வி கவலை தருகிறது. கடனுக்குத் தவணை கட்டப்போவது அவர்கள். கணிப்பை எழுதியவர் அல்லர். அதனால் ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துவரச் சொல்கிறேன்.

முதலில், கையில் இருப்பது கணிப்பா, இலக்கா என்று பாருங்கள். 2024-25க்குள் 5 லட்சம் கோடி டாலர் என்று 2019இல் மத்திய அரசு சொன்னது இலக்கு. 2030க்குள் தமிழ்நாடு ஒரு லட்சம் கோடி டாலர் என்பதும் இலக்கே. ஓர் அரசு இலக்கு வைப்பது நல்லதுதான். ஆனால் அது எட்டப்படும் வாய்ப்பு எவ்வளவு என்பதை இலக்கு சொல்வதில்லை.

கணிப்புதான் என்றால், பெரிய தொகையை ஓரமாக வைத்துவிட்டு அதற்கு அடிப்படையான ஆண்டு வளர்ச்சி விகிதத்தைத் தேடுங்கள். அறிக்கையின் உள்ளே எங்கேயாவது இருக்கும். பிறகு கூட்டு வட்டிக் கணக்குப் போடுங்கள். 25 ஆண்டுகளில் 5% வளர்ச்சி பொருளாதாரத்தை 3.4 மடங்காக்கும், 6% என்றால் 4.3 மடங்கு, 7% என்றால் 5.4, 8% என்றால் 6.8. ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே விடை இரட்டிப்பாகிவிடுகிறது. 8% என்று எழுதியவர் ஏன் 6% என்று எழுதவில்லை என்பதற்கு அறிக்கையில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொகை டாலரில் இருந்தால் ரூபாயின் மதிப்பு பற்றிய ஊகமும் அதில் சேர்ந்திருக்கிறது. 2011 நடுவில் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். 2013 ஆகஸ்டில் அது 68ஐத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் இப்படி நகர்ந்த ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு முன்கூட்டிச் சொல்ல யாரிடமும் வழியில்லை.

இனி வருவதுதான் முக்கியம். நீண்டகாலக் கணிப்புகளில் பெரும்பாலானவை இன்றைய வேகத்தை எதிர்காலத்துக்கு நீட்டுகின்றன. அந்த வேகம் நிலைக்குமா? ஈஸ்டர்லி, கிரெமர், பிரிட்செட், சம்மர்ஸ் ஆகிய நான்கு பொருளியலாளர்கள் 1993இல் பல நாடுகளின் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஒரு பத்தாண்டின் வளர்ச்சிக்கும் அடுத்த பத்தாண்டின் வளர்ச்சிக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு; தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) 0.1 முதல் 0.3 வரைதான் வந்தது. ஒன்றின் வேறுபாட்டில் எத்தனை பங்கை மற்றது விளக்குகிறது என்பதைக் கெழுவின் வர்க்கம் சொல்லும். என் மாணவர்கள் இதை வர்க்கப்படுத்தத் தெரிந்தவர்கள்: 0.3இன் வர்க்கம் 0.09. நாடுகளுக்கு இடையிலான வளர்ச்சி வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கடந்த பத்தாண்டால் விளக்க முடியவில்லை.

பெயர் சொல்லியே பார்க்கலாம். பால் சாமுவேல்சனின் பொருளியல் பாடநூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. அதன் 1961 பதிப்பு, சோவியத் யூனியனின் தேசிய வருமானம் 1984க்கும் 1997க்கும் இடையே அமெரிக்காவை முந்தக்கூடும் என்றது. 1980 பதிப்பில் அந்தக் காலம் 2002-2012 என்று தள்ளிப்போனது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே கலைந்தது. 1980களில் ஆண்டுக்குச் சுமார் 4% வளர்ந்த ஜப்பான், 1992 முதலான பத்தாண்டில் சராசரியாக 1% அளவில்தான் வளர்ந்தது. பிரேசில் ஐம்பது ஆண்டுகளுக்குச் சராசரியாக 3.6% வளரும் என்று 2003இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் கணித்தது. 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் அந்நாட்டுப் பொருளாதாரம் 3%க்கு மேல் சுருங்கியது. இவர்கள் யாரும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அதனால்தான் இந்த உதாரணங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே, கணிப்பு வெளியிட்ட நிறுவனத்தின் பழைய கணிப்பையும் தேடுங்கள். அதே கோல்ட்மேன் சாக்ஸ், சீனா அமெரிக்காவை முந்தும் ஆண்டு 2041 என்று 2003இல் சொன்னது. பின்னர் 2027 என்றது. 2022இல் சுமார் 2035 என்றது. சர்வதேச நாணய நிதியத்தின் பழைய அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2020 ஏப்ரல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்: அப்போது தொடங்கிய நிதியாண்டில் இந்தியா 1.9% வளரும் என்று அதில் இருக்கும். அந்த ஆண்டு பொருளாதாரம் 7.3% சுருங்கியது என்பது 2021 மே மாதம் நம் அரசு தந்த தற்காலிக மதிப்பீடு. பின்னர் அதுவே 6.6 ஆகி, 5.8 ஆகத் திருத்தப்பட்டது. முடிந்துபோன ஆண்டின் கணக்கே இப்படி மாறும்போது, 2047க்குத் தசமப் புள்ளி வைத்து எழுதப்பட்ட எண்ணை அந்தத் துல்லியத்தோடு ஏற்காதீர்கள்.

இப்போது உங்கள் தாளில் மூன்று கோடுகள் வரையுங்கள். மேலே, கணிப்பு சொல்லும் விகிதம். நடுவே, அதைவிட 2 சதவீதப் புள்ளி குறைவு. கீழே, தலைக்கு ஆண்டுக்கு 2% வளர்ச்சி. உலக நாடுகளின் நீண்டகாலச் சராசரி ஏறக்குறைய அதுதான். மனைக்கடனோ பிள்ளையின் படிப்புக்கடனோ, கீழ்க்கோட்டில் உங்கள் சம்பளம் நகர்ந்தாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்கிடுங்கள். முடியாது என்றால் கடன் தொகையைக் குறையுங்கள். நகரம் அந்தப் பக்கம் வளரும் என்ற பேச்சை நம்பித் தொகையை ஏற்றாதீர்கள்.

கணிப்பில் நம்பத்தக்க பகுதியும் உண்டு, அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். 2047இல் 25 வயதைத் தாண்டியிருக்கப்போகிற ஒவ்வொருவரும் இப்போதே பிறந்துவிட்டார்கள். உழைக்கும் வயதினர் எத்தனை பேர், முதியவர்கள் எத்தனை பேர் என்ற மதிப்பீடு பெரிதாகப் பிசகாது. அவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும், என்ன ஊதியம் கிடைக்கும் என்பதுதான் அறிக்கையின் மிச்சப் பக்கங்கள். அந்தப் பக்கங்களைப் பென்சிலோடு படியுங்கள்.