சக ஊழியரின் குடும்பத்துக்கு நிதி திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டாலோ, நோயில் விழுந்து மாதக்கணக்கில் சம்பளம் நின்றுபோனாலோ, அந்தக் குடும்பத்துக்கு முதலில் கைகொடுப்பது பெரும்பாலும் உடன் வேலை பார்த்தவர்கள் திரட்டும் பணம்தான். தமிழகக் காவல்துறையில் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த காவலர்கள், வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆளுக்கு ஒரு சிறு தொகை போட்டு, இறந்த சக காவலரின் குடும்பத்துக்குப் பல லட்சம் ரூபாய் வழங்கும் செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். ஆலைகளிலும் தனியார் நிறுவனங்களிலும் தொழிற்சங்கமோ, ஊழியர் நலச் சங்கமோ, நிர்வாகமே தொடங்கிய நிதியோ இந்த வேலையைச் செய்கிறது. நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நடைமுறையில் நேரும் சில தவறுகளால், திரட்டிய தொகையைவிடப் பல மடங்கு பெரிய தொகை அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்காமலே போய்விடுகிறது.

தவறுகளில் பெரியது, பணத்தைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று கலைந்துவிடுவது. தனியார் நிறுவனத்தில் பி.எஃப். பிடித்தம் உள்ள ஊழியர் பணிக்காலத்தில் இறந்தால், அவருடைய சேமிப்பைத் தவிர, இ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்கு உரியது. இதற்கான சந்தா முழுவதையும் நிறுவனமே கட்டுவதால் சம்பளச் சீட்டில் அது தென்படுவதில்லை. அதனாலேயே, இப்படி ஒரு பணம் இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் ஒரே ஒரு மாதச் சந்தா சேர்ந்திருந்தாலும் மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகளில் ஒரே நேரத்தில் இருவருக்கு 25 வயது வரை உண்டு. ஐந்தாண்டுப் பணி முடியவில்லை என்றால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடையாது என்பது பரவலான நம்பிக்கை. இறப்பு நேர்ந்தால் அந்த நிபந்தனை பொருந்தாது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உறுப்பினராக இருந்தால் ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். வேலையின் காரணமாக நேர்ந்த இறப்பு என்றால் சார்ந்திருப்போருக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் வரும். ஆகவே, நிதிக் குழுவில் ஒருவர் உண்டியலைச் சுமந்தால், இன்னொருவர் பி.எஃப். அலுவலகப் படிவங்களைச் சுமக்க வேண்டும். என் கணிப்பில் இரண்டாமவரின் வேலைதான் அதிகப் பயன் தருவது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, உதவித் தொகையைக் கொடுக்கும்போதே 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டோம்' என்று ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாளில் கையெழுத்து வாங்குவது. துக்க வீட்டில் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத தொழிலாளி பணியிட விபத்தில் இறந்தால், நிறுவனம் இழப்பீட்டைச் சட்டப்படி உரிய அரசு அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் கணக்கைத் தீர்த்துவிட முடியாது. சக ஊழியர்கள் மனமுவந்து தந்த பணம் நிர்வாகத்தின் பொறுப்பை அடைக்கும் கருவியாக மாறிவிடக் கூடாது. கொடுக்கும் தொகை நன்கொடை என்பதை மட்டும் குறிப்பிட்டு ரசீது எழுதினால் போதும்.

நாமினி விவரத்தைப் புதுப்பிக்காமல் விடுவது ஊழியர்கள் உயிரோடிருக்கும்போதே செய்யும் தவறு. திருமணத்துக்கு முன் பி.எஃப். கணக்கில் பதிந்த நாமினி நியமனம், திருமணம் ஆனதும் செல்லாததாகிவிடுகிறது. புதிதாகப் பதிய வேண்டும். பதியாமல் விட்டால், பழைய தாளில் தன் பெயர் இருப்பதாக மாமியாரும், தனக்கே உரிமை என்று மருமகளும் நிற்க, வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும். நல நிதி வைத்திருக்கும் சங்கங்கள் ஆண்டுச் சந்தா வாங்கும் நாளிலேயே, நாமினி சரிபார்த்தாயிற்றா என்று கேட்டு ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்லலாம். செலவில்லாத உதவி இது.

பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்பதில் அலட்சியம் கூடாது. அவசரத்தில் ஒருவருடைய கைப்பேசி எண்ணைக் குழுவில் போட்டு, ஜிபே செய்யுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பணம் அவருடைய வீட்டுச் செலவோடு கலந்துவிடுகிறது, நேர்மையான மனிதராக இருந்தாலும் பின்னால் பேச்சு கிளம்புகிறது. இறந்தவரின் சம்பளக் கணக்கில் போடுவதும் தவறே. அதே வங்கியில் தனிநபர் கடன் நிலுவையில் இருந்தால் வரவான பணத்தைக் கடனில் கழித்துக்கொள்ள வங்கி முயலக்கூடும். மனைவி அல்லது பெற்றோர் பெயரில் உள்ள கணக்குக்கு நேரடியாக அனுப்பி, கொடுத்தவர்களின் பட்டியலை எழுதிவைப்பதே பாதுகாப்பு. உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓராண்டில் பெறும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிக் கேள்வி எழக்கூடும் என்பதால், பெரிய தொகை என்றால் ஒரு தணிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

நிர்வாகமே நிதி நடத்தும் இடங்களில் வேறு விதமான பிழைகள் உண்டு. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை நிறுவனத்தின் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் காட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. யாருக்கு உதவுவது என்பதை மேலாளர் ஒருவரே முடிவு செய்தால், அவருக்கு வேண்டியவர் என்ற முணுமுணுப்பு எழும். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் பட்டியலுக்கே வராது. எந்த நிலைமைக்கு எவ்வளவு, எத்தனை நாளில், முடிவெடுக்கும் குழுவில் தொழிலாளர் எத்தனை பேர் என்பதை முன்பே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். சம்பளத்தில் பிடிப்பதாக இருந்தால் ஒவ்வொருவரிடமும் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்க வேண்டும். காசோலையைப் பெரிய அட்டையில் அச்சிட்டு விதவையின் கையில் கொடுத்துப் படமெடுப்பதை அறவே விட்டுவிடலாம்.

கடைசியாக, முழுத் தொகையையும் காரியத்துக்கு முன்பே கொடுத்துத் தீர்ப்பது. அந்த நாட்களில் கையில் இருக்கும் ரொக்கம் சடங்குச் செலவிலும் பழைய கைமாற்றுக் கடனிலும் கரைந்துவிடும். உடனடிச் செலவுக்கு ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, குடும்பத்தின் சம்மதத்தோடு மீதியை ஜூன் மாதம் பள்ளிக் கட்டணமாக நேரே பள்ளியிலேயே கட்டலாம். ஓய்வூதிய உத்தரவு வந்து சேரும் வரை மாதாமாதம் வாடகைக்காக அனுப்பலாம்.