நங்கூரம் போடும்போது தண்ணீர் ஏறுவதையும் கணக்கில் எடுங்கள்

மலேசியாவின் லங்காவியில் தாயாங் புந்திங் தீவின் ஓரத்தில் ஒரே இரவில் என் 26 அடி பாய்மரப் படகின் சுக்கான் உடைந்தது. மாலை 6 மணிக்கு நங்கூரம் போட்டபோது ஆழம் 3 மீட்டர். 15 மீட்டர் சங்கிலி விட்டேன். ஆழத்தைப் போல 5 மடங்கு, போதும் என்று நினைத்தேன். அன்று பௌர்ணமி, நான் அளந்ததோ கடல் வற்றியிருந்த நேரத்தில். நள்ளிரவுக்குள் தண்ணீர் 2.5 மீட்டர் ஏறிவிட்டது. 2 மணிக்குச் சுமத்ரா அடித்தது. தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையில் இரவோடு இரவாக மேற்கிலிருந்து வரும் காற்றுமழைக்கு அதுதான் பெயர். கால் மணி நேரத்தில் பாறையில் இருந்தோம்.

சரி, கணக்கு இப்படிப் போட வேண்டும். இப்போதைய ஆழம் 3, இனி ஏறப்போகும் தண்ணீர் 2.5, தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் முன்முனை வரை 1. மொத்தம் 6.5 மீட்டர். அமைதியான இரவுக்கு இதன் 5 மடங்கு, சுமார் 33 மீட்டர் சங்கிலி. காற்று வரும் என்று தோன்றினால் 7 மடங்கு. நான் விட்டது இரண்டேகால் மடங்குதான்! அவ்வளவு நீளத்தோடு படகு சுற்றிவர இடம் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

காற்றை எதிர்த்து வந்து படகை நிறுத்துங்கள். அது தானாகப் பின்வாங்கத் தொடங்கியதும் நங்கூரத்தை இறக்குங்கள். சங்கிலியை ஒரே குவியலாகக் கொட்டக் கூடாது. இங்கே அடியில் சேறு. நங்கூரம் அமிழ்வதற்குப் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் இன்ஜினை ரிவர்ஸில் மெதுவாகக் கூட்டுங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு விலகினால் படகு நகர்கிறது. சங்கிலியில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறதா? நங்கூரம் இழுபடுகிறது, திரும்பப் போடுங்கள். என் மச்சானும் நானும் இதற்குக் கைச்சைகைதான் வைத்திருக்கிறோம். இன்ஜின் சத்தத்தில் "போதும் மச்சான்" என்று கத்துவது காதில் விழாது.

சங்கிலியின் இழுவையை விண்ட்லாஸ் மேல் விடாதீர்கள், அந்த உருளை சங்கிலியைத் தூக்கத்தான். 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு ஆறு மீட்டர் எடுத்து, ஒரு முனையைச் சங்கிலியிலும் மறுமுனையைப் படகில் கயிறு கட்டும் கொம்பான கிளீட்டிலும் கட்டுங்கள். நைலான் நீண்டு கொடுக்கும், வெட்டி இழுக்கும் அடி படகுக்குப் போகாது. கயிறு உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாய்த் துண்டு செருகுங்கள். நங்கூரத்தைச் சங்கிலியோடு இணைக்கும் ஷேக்கிள் வளையத்தின் திருகாணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

இழுபடத் தொடங்கினால் முதலில் இன்ஜின். முன்னால் மெதுவாக ஓட்டிச் சங்கிலியின் பாரத்தைக் குறையுங்கள். பின்னால் இடமிருந்தால் இன்னும் சங்கிலி விடுங்கள், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போங்கள். படகுக்கும் பாறைக்கும் நடுவே காலை நீட்டித் தள்ளப் பார்க்காதீர்கள். மச்சான் நீட்டப் போனார், நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

படகு தட்டிவிட்டால், மிதந்ததும் அடித்தளப் பலகையைத் தூக்கித் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். சுக்கானை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எங்காவது சிக்கினால் அதன் தண்டு வளைந்திருக்கலாம், பாய் விரிக்க வேண்டாம். விடிந்ததும் நீருக்கடியில் பார்க்கும் முகமூடி போட்டுத் தண்ணீரில் இறங்கிப் பாருங்கள்.