மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியுள்ள ஓரத்தைக் கடைசிவரை வைத்திருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்பூட் போன்ற தோட்டப்புற நகரங்களில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் அரசாங்க கிளினிக்கில் கட்டணமின்றி மருந்து பெறும் நம் மூத்தோர் மிகப் பலர். அங்கு மாத்திரை அட்டைகள் தேவையான எண்ணிக்கைக்கு வெட்டப்பட்டு, சீட்டு ஒட்டிய பிளாஸ்டிக் பையில் தரப்படுவதுண்டு. அப்படி வெட்டும்போது காலாவதித் தேதி அச்சிட்ட ஓரம் வேறொருவரின் பைக்குப் போய்விடக்கூடும். ஆகவே, முகப்பை விட்டு நகரும் முன்பே மருந்தாளுநரிடம் அந்தத் தேதியைக் கேட்டுப் பையின்மேல் எழுதிக்கொள்ளுங்கள்; தேதி இருக்கும் அட்டையானால், மறுமுனையிலிருந்து மாத்திரைகளை எடுங்கள். பழைய மாத்திரைகளையும் புதியவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம்.

இங்கிலாந்தில் பெரும்பாலும் 28 மாத்திரைகள் கொண்ட முழுப் பெட்டியே விளக்கத்தாளுடன் கிடைக்கிறது. ஆனால் 2024 மே முதல் அங்கு மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்டு கட்டணம், 60 வயதை எட்டியோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு இலவசம்.

மலேசியாவில் தனியார் கிளினிக்கிற்குச் செல்வோர், மருத்துவரிடம் மருந்துச் சீட்டை மட்டும் கேட்டு வாங்கி வெளி மருந்தகத்தில் விலையை ஒப்பிடலாம். 2025 மே 1 முதல் இரு இடங்களிலும் மருந்து விலையைக் காட்சிக்கு வைப்பது கட்டாயம் என்பதால், தயங்காமல் கேளுங்கள்.